‘தரிசு’ என்று எழுதுவதற்கு முன்

மேய்ச்சல் நிலங்களுக்குத் திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்காக நில வரைபடம் தயாரிக்கும் வல்லுநர்களுக்கும்,

வணக்கம்.

எரிமலைப் பாறையின் மேல் உருவான மேய்ச்சல் தரையைப் பார்க்க நீங்கள் பெரும்பாலும் வறண்ட பருவத்தில் வருகிறீர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கற்கள் சிதறிக் கிடக்கின்றன. புல் காய்ந்து நிறம் இழந்திருக்கிறது. பள்ளமான இடங்களில் தரை பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. மேட்டில் மண்வெட்டி ஒரு சாண் இறங்குவதற்குள் பாறையில் மோதுகிறது. கையில் இருக்கும் படிவத்தில் ‘நிலத்தின் வகை’ என்று ஒரு கட்டம். அதில் ‘தரிசு’ என்று எழுதிவிட்டுப் போகிறீர்கள். அந்த ஒரு சொல்லின் பின்னால் மரக்கன்றுகள் வருகின்றன, அல்லது டிராக்டர் வருகிறது, அல்லது வேலி வருகிறது. மண் குழிகளுக்குள் பல ஆண்டுகள் இறங்கி நின்றவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன் ஒரு குழி வெட்டுங்கள்.

பசால்ட் என்னும் கரும்பாறையிலிருந்து தொடங்குகிறேன். அதில் சிலிக்கா, அதாவது மணலில் மிகுந்திருக்கும் பொருள், 45 முதல் 52 விழுக்காடுதான். கால்சியம், மக்னீசியம், இரும்பு மூன்றும் தாராளம். அதன் கனிமங்கள் கிரானைட்டின் கனிமங்களைவிட விரைவாகச் சிதைகின்றன. மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் இடங்களில், நீர் வடியாமல் தேங்கும் தாழ்வான நிலத்தில், கரைந்து வந்த சத்துக்கள் வெளியேற வழியில்லாமல் ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமமாக மறுபிறவி எடுக்கின்றன. அதே பாறையின் மேல், நீர் எளிதாக வடிந்தோடும் சரிவில், சத்துக்கள் அடித்துச் செல்லப்பட்டு இரும்பு ஆக்சைடும் கயோலினைட் என்ற வேறொரு களிமண் கனிமமும் மிஞ்சுகின்றன, மண் சிவக்கிறது. ஒரே குன்றின் மேலே செம்மண், அடியில் கரிசல். இந்த இரண்டுக்கும் ஒரே பரிந்துரையை எழுதிய அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். பாறை ஒன்றாக இருந்தாலும், தண்ணீர் வடிந்த விதம் அவற்றை இரு வேறு மண்களாக்கிவிட்டது.

அந்தக் கரிசலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்மெக்டைட் தண்ணீரைத் தன் ஏடுகளுக்கிடையே உறிஞ்சிப் பருக்கிறது, காயும்போது சுருங்குகிறது. இப்படிப்பட்ட மண்ணை வெர்டிசால் என்று வகைப்படுத்த, களிமண் குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 50, 60 விழுக்காடு இருப்பதும் அபூர்வமல்ல. வறண்ட பருவத்தில் வெடிப்புகள் அரை மீட்டருக்கும் கீழே இறங்குகின்றன. மேல்மண் உதிர்ந்து அவற்றுக்குள் விழுகிறது. மழை பெய்து மண் பருக்கும்போது, உள்ளே விழுந்த மண்ணுக்கும் இடம் வேண்டியிருப்பதால் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று சறுக்குகின்றன. குழியின் சுவரில் மெழுகு பூசியதுபோல் மினுமினுக்கும் சாய்ந்த பரப்புகளைக் கண்டால், அந்தச் சறுக்கலின் தடத்தைப் பார்க்கிறீர்கள் என்று பொருள். சில இடங்களில் இதனால் தரையே மேடும் குழியுமாக அலையடிக்கிறது. அதற்குக் ‘கில்காய்’ என்று பெயர். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்குச் சிறு நீர்க்குழி என்று பொருள். மட்டமாக்க வேண்டிய குறை என்று அதைக் கருதாதீர்கள். மழைநீர் தங்குவது அந்தக் குழிகளில்தான். குழியில் ஒரு புல்லும் மேட்டில் வேறொரு புல்லும் வளர்வதற்கும் அந்த ஏற்ற இறக்கமே காரணம்.

முதல் மழையின்போது இந்த நிலத்தில் நின்று பாருங்கள். வெடிப்புகள் வாய் திறந்து நீரைக் குடிக்கின்றன. பிறகு களி பருத்து வெடிப்பு மூடிக்கொள்கிறது. அதற்கு மேல் பெய்யும் மழை மிக மெதுவாகவே உள்ளிறங்கும், மீதி வழிந்தோடும். இந்த மண் நிறைய நீரைப் பிடித்து வைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதில் பெரும் பகுதியை வேர்களுக்குத் தராமல் இறுகப் பற்றிக்கொள்கிறது என்பதும் உண்மை. சிறு தூறல் வந்தால் நீர் மேல்மண்ணைத் தாண்டாமலே ஆவியாகிவிடும். அதனால்தான் மழை குறைந்த ஆண்டில் பக்கத்து மணல் தரை பசுமையாக இருக்க, களிமண் தரை வெறிச்சோடிக் கிடக்கலாம். அந்த ஓர் ஆண்டை வைத்து நிலத்தை எடைபோடாதீர்கள்.

நிறத்தையும் நம்பாதீர்கள். கறுப்பாக இருப்பதால் மக்கு, அதாவது மக்கிய தழையின் சத்து, நிறைந்த மண் என்று நினைத்து உழவுக்குப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணில் மக்கின் அளவைக் காட்டும் கரிமக் கார்பன் பல இடங்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. கால்சியமும் மக்னீசியமும் நிறைந்திருந்தாலும் தழைச்சத்தும் (நைட்ரஜன்), பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), துத்தநாகமும் குறைவாக இருப்பது வழக்கம்.

இனி மேட்டுக்கு வருகிறேன். அங்கே மண்கண்டம், அதாவது பாறைக்கு மேல் உள்ள மண்ணின் ஆழம், 25 அல்லது 50 சென்டிமீட்டர்தான், பரப்பெங்கும் கல். கற்களைப் பொறுக்கி எடுத்தால் நிலம் திருந்தும் என்பது பழைய நம்பிக்கை. சரிவில் அதைச் செய்தால் நிலம் போய்விடும். கல் மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது. ஓடும் நீரின் வேகத்தைத் தடுக்கிறது. தன் அடியில் ஈரத்தைக் காக்கிறது. புல் விதை முளைப்பதும் பல நேரம் கல்லின் ஓரத்தில்தான். கீழே இருக்கும் பாறையும் முழுப் பலகையாக இருப்பதில்லை. லாவா குளிர்ந்தபோது விழுந்த பிளவுகளில் வேர்கள் இறங்குகின்றன.

எல்லா எரிமலைப் பாறையும் பசால்ட் இல்லை. ரையோலைட் என்ற எரிமலைப் பாறையிலும், எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் பலவற்றிலும் சிலிக்கா மிகுதி. வறண்ட நாடுகளில் அது கரைந்து கீழே படிந்து, மண்ணைச் சிமெண்டுபோல் ஒட்டிவிடுகிறது. சுண்ணாம்பால் ஒட்டிய சுக்கான் அடுக்கு என்றால் நீர்த்த அமிலம் பட்டதும் நுரைத்துக் கரையும். சிலிக்கா ஒட்டிய அடுக்கு அமிலத்திலும் இளகாது. ஒரு சிறு அமிலக் குப்பியை உடன் எடுத்து வாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அப்படி ஓர் அடுக்கு இருப்பதும் சாபக்கேடு அன்று. தான்சானியாவின் செரெங்கெட்டியில், தென்கிழக்கே உள்ள குட்டைப்புல் சமவெளி எரிமலைச் சாம்பலின் மேல் உருவானது. அதன் அடியில் இறுகிய சுண்ணாம்பு அடுக்கு மரவேர்களை இறங்க விடாமல் தடுக்கிறது. மரம் வளராத அந்தத் தரையில்தான், தாதுச்சத்து மிக்க புல்லைத் தேடி லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் என்னும் காட்டு விலங்குகள் மழைக்காலத்தில் வந்து கன்று ஈனுகின்றன. அங்கே மரமில்லாமையைக் குறை என்று யாராவது படிவத்தில் எழுதுவார்களா?

மழை மிகுந்த நாடுகளின் சாம்பல் மண் இன்னொரு வகை. அதில் அல்லோஃபேன் என்ற, படிக வடிவம் சரியாக அமையாத கனிமம் உண்டு. கையில் எடுத்தால் பஞ்சுபோல் இலேசாக இருக்கும்: ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராமோ அதற்கும் குறைவோ. மக்கு அதிகம், ஈரம் அதிகம்; ஆனால் போடும் மணிச்சத்தில் பெரும்பங்கைத் தானே கட்டி வைத்துக்கொள்ளும். கரிசலுக்கு எழுதிய அறிவுரை எதுவும் இதற்குப் பொருந்தாது.

மரம் நடுவதற்கு நான் எதிரி அல்லன். ஆனால் பருத்துச் சுருங்கும் களியில் இளம் மரத்தின் வேர் அறுபடுகிறது. நட்ட வேலிக்கம்பமே சாய்கிறது. புல்லின் வேர்களோ ஆயிரம் இழைகளாகப் பரவி, சில அறுந்தாலும் மற்றவற்றால் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. இந்த மண்ணைக் காத்து வந்தது அந்த இழைகள்தான். சரிவில் அவற்றை உழுது புரட்டிவிட்டால், நனைந்த களி ஓடையில் இறங்குவதைத் தடுக்க ஒன்றும் இருக்காது. மந்தைகளுக்கும் பதம் உண்டு: களி நனைந்து குழைந்திருக்கும் நாட்களில் குளம்பு பட்டால் மண் இறுகிவிடும். அந்த நாட்களில் மந்தையைக் கல் மேட்டுக்கு ஓட்டிச் செல்ல மேய்ப்பவருக்கு வழி வேண்டும். மேட்டைத் தரிசு என்று வேலியிட்டால் அவர் எங்கே போவார்?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. விழா மேடைகளைவிட, உங்கள் படிவத்தில் ஒரு மாற்றத்தையே நான் எதிர்பார்க்கிறேன். ‘தரிசு’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு ‘இயற்கைப் புல்வெளி’ என்று ஒரு கட்டம் வையுங்கள். அதன் கீழே மண்கண்டம், கல்லின் அளவு, களியின் தன்மை, இறுகிய அடுக்கு இருக்கிறதா, இருந்தால் எந்த ஆழத்தில், அமிலத்தில் நுரைக்கிறதா என்று எழுத இடம் விடுங்கள். மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று குழிகள் போதும். அரை நாள் வேலை. வெடிப்பு திறந்திருக்கும்போது ஒருமுறை பாருங்கள். மழை பெய்து பத்து நாட்கள் கழித்து, அதே குழிகளின் அருகே மீண்டும் வாருங்கள். அங்கே மேய்ப்பவரையும் உடன் அழைத்து, எந்தப் புல் எங்கே முதலில் தலைகாட்டும் என்று கேட்டு, அதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மண் குழிகளில் இறங்கி நின்ற ஒருவன்