பாப்பாவின் ஸ்கோர் நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பாப்பா ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி, கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஆனால் போன வாரம் அவள் போனில் பேசும்போது சத்தமே இல்லை, கேட்டால் "ஸ்கோர் ஏறவே மாட்டேங்குது அக்கா" என்கிறாள். துப்பாக்கி சுடும் ரேஞ்ச் வாசலில் ஸ்கோர் எழுத நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, அதனால்தான் தனியாக அனுப்பாமல் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த நோட்டு. பத்து மீட்டர் தூரத்தில் வைத்துச் சுடும் ஏர் பிஸ்டல் டார்கெட் கார்டில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டை பட்டன் அளவு. அதை ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். புதிதாக வரும் யாருக்கும் குண்டு சிதறத்தான் செய்யும். அந்தச் சிதறலைக் கூட்டி ஒரு எண்ணாக எழுதிக் காட்டினால் பிள்ளைக்குத் தெரிவது "எனக்கு வரலை" என்பது மட்டும்தான், ஏன் வரவில்லை என்று அந்த எண் சொல்லாது.

அதற்குப் பதிலாகக் கார்டைத் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் பக்கம், வட்டமும் கிடையாது, கருப்பும் கிடையாது. ஐந்து குண்டு சுட்டுவிட்டு, ஐந்து ஓட்டையையும் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. அடுத்த வாரம் அந்த வட்டம் சுருங்குகிறதா என்று அவளே பார்த்துக்கொள்வாள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கண்ணால் ஒரே நேரத்தில் முன் சைட்டையும் (பிஸ்டல் முனையில் குறி பார்க்க இருக்கும் சின்னத் துண்டு) டார்கெட்டையும் தெளிவாகப் பார்க்க முடியாது, சைட் கூர்மையாகத் தெரிய வேண்டும், டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் போதும். புதுப் பிள்ளைகளின் கண் கருப்பு வட்டத்துக்கே ஓடும். வெள்ளைத் தாளில் ஓடிப்போய்ப் பார்க்க எதுவும் இல்லாததால் கண் தானாக சைட்டிலேயே நிற்கும்.

அப்புறம் பலூன். காகிதத்தில் பெல்லட், அதாவது ஏர் பிஸ்டலின் சின்ன குண்டு, பட்டால் அவளுக்கு எதுவும் தெரிவதில்லை, 4.5 மில்லிமீட்டர் ஓட்டை அந்தக் கருப்பில் அவ்வளவு தூரத்திலிருந்து எங்கே தெரியும்? பலூன் என்றால் பட்டதும் வெடிக்கும், அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிடும். லேசாக ஊதி, கார்டுக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டிக்கு முன்னால், கார்டில் டேப் போட்டு ஒட்டலாம். கோச்சைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும், எலக்ட்ரானிக் டார்கெட்டில் கூடவே கூடாது. பாட்டில், ஓடு, கல் எதையும் வைக்க யாரையும் விடாதீர்கள், கெட்டியான பொருளில் பட்டால் பெல்லட் திரும்பித் தெறிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு ஒன்று இருக்கிறது. கோச் பிஸ்டலை வாங்கி, அவளுக்குத் தெரியாமல் சில தடவை பெல்லட் போட்டும் சில தடவை போடாமலும் கொடுப்பார். எப்போது காலி என்று தெரியாது. காலியாக இருக்கும்போது ட்ரிகரை வெடுக்கென்று இழுத்தால் பிஸ்டல் முனை ஒரு குதி கீழே குதிக்கும், அதை அவளே கண்ணால் பார்ப்பாள். குண்டு ஏன் எப்போதும் கீழே போகிறது என்று நூறு தடவை சொல்லிப் புரியாதது அந்த ஒரு குதியில் புரியும். அடுத்த தடவை விரல் மெதுவாக, நேராகப் பின்னால் வரும். முனை அசையாமல் நின்றால் ஒரு பாயிண்ட், அசைந்தால் கோச்சுக்கு.

பரமபதமும் ஆடலாம். பக்கத்து லேன் பிள்ளையோடு மாறி மாறி ஒவ்வொரு குண்டு, பகடைக்குப் பதில் அந்தக் குண்டு பட்ட வளையம். ஐந்தாம் வளையம் என்றால் ஒன்று, ஆறு என்றால் இரண்டு, இப்படியே பத்துக்கு ஆறு. ஐந்துக்குக் கீழே போனால் காய் நகராது. இதுவும் ஸ்கோர்தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் பாம்பு கொத்திக் கீழே இறங்கியதற்காக எந்தப் பிள்ளையும் ரேஞ்சுக்கு வரமாட்டேன் என்று சொல்லாது. ஏணி ஏற மூன்று வேண்டுமென்றால் வேண்டுமென்றே ஏழாம் வளையத்தில் வைக்கப் பார்ப்பாள், அதுவும் லேசு இல்லை.

நேரத்தையும் குறையுங்கள். 75 நிமிடத்தில் 60 குண்டு என்பது போட்டிக்காரர்கள் கணக்கு. இவளுக்கு அரை மணி நேரம் தாராளம், தோள் வலிக்க ஆரம்பித்த பிறகு சுடுகிற ஒவ்வொரு குண்டும் தப்பான பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கும். "இன்னும் ஒண்ணு" என்று கெஞ்சும்போதே பெட்டியை மூடிவிடுங்கள்.

விளையாட்டே கூடாத இடமும் உண்டு. முனை எப்போதும் டார்கெட் பக்கம், சுடத் தயாராகும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே, கீழே வைத்தால் உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் சேஃப்டி கொடி குழாய்க்குள்ளே, எல்லோரும் பிஸ்டலை வைக்கும் வரை யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. பெல்லட் ஈயம், அதனால் கை கழுவாமல் பஜ்ஜியைத் தொட விடாதீர்கள். இதிலெல்லாம் நீங்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் தகும்.

நம் நாட்டுப் பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கர் மாதிரி வரணும் என்று அடிக்கடி அவளிடம் சொல்கிறீர்களாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பிஸ்டல் பழுதாகி ஃபைனலைத் தவறவிட்டவர், 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார், சரி. இடையில் துப்பாக்கி சுடுவது ஆபீஸ் வேலை மாதிரி ஆகிவிட்டது என்றும் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஒலிம்பிக் வரை போனவருக்கே அலுத்திருக்கிறது, பாப்பா இப்போதுதான் பிஸ்டலைத் தூக்கியிருக்கிறாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்கு வருகிறேன், ரேஞ்சுக்கு நானே கூட்டிப் போகிறேன். கோச்சிடம் முதல் நாளே பேசி வையுங்கள், சின்ன பலூன் ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். நீங்களும் வாங்க, நோட்டு மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்