ஆழியாறு அணையின் ஆய்வறிக்கையை மக்களுக்குக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் சங்கிலி அறுந்து ஷட்டர் பிய்த்துக்கொண்டு போனதும், நம்ம பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட (பி.ஏ.பி.) பாசனத்துக்கு வர வேண்டிய தண்ணீர் சாலக்குடி ஆற்றோடு ஓடியதும் இங்கே எந்த விவசாயிக்கும் மறக்காது. ஆழியாறு அணைக்கும் 60 வயது தாண்டிவிட்டது. வெளியே சுண்ணாம்பு அடித்தால் போதுமா? ஷட்டர், சங்கிலி, கசிவு நீர், இவைதான் முக்கியம். கசிவு திடீரெனக் கூடினாலோ, கலங்கலாக வந்தாலோ உள்ளே மண் அரிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டப்படி பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம். சரி, அந்த முடிவுகளைத் தமிழில் ஆற்றோர ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுங்கள். ராத்திரியில் தண்ணீர் திறந்தால் யார், எப்படி எச்சரிப்பார்கள் என்பதையும் இந்த மழைக்கு முன்பே சொல்லுங்கள்.

ஒரு விவசாயி,
ஆனைமலை