தொட்டுப் பார்க்கும் சுவருக்கு ஒரு பூட்டு

எங்கள் ஊரில் கலைச்சுவர் வைத்த அதிகாரிகளுக்கு,

வணக்கம். அழகன்குளம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் நீங்கள் எழுப்பிய சுவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஓடுகளைக் கையால் திருப்பிச் சேர்த்தால் கப்பல் வரும் சுவர். திறப்பு விழாவில் முதல் ஓட்டை நீங்கள்தான் திருப்பினீர்கள், நாங்கள் கைதட்டினோம். அடுத்த வாரமே கம்பிவலை அடித்து, பூட்டுப் போட்டு, 'தொடாதீர்கள்' என்று போர்டும் மாட்டியாயிற்று. அந்த வலையை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம்மூர்க் கோட்டைமேட்டில் 1986-87இல் தொடங்கிய அகழாய்வின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரோமானியக் காசு, ஆம்போரா ஜாடி ஓடு, கப்பல் கீறிய பானை ஓடு. சுவரில் நீங்கள் பெரிதாக்கி வைத்திருப்பது அந்தக் கப்பலைத்தான். சங்கப் பாட்டில் வரும் மருங்கூர்ப்பட்டினம் இதுதான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் கிடைத்ததெல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் பார்க்க மிச்சமிருப்பது மேடு மட்டும்தான்.

என் பெரியப்பா அந்தக் குழிகளில் மண் சுமந்தவர். அங்கே கிடைத்த சில பானை ஓடுகளின் உள்பக்கம் பல்சக்கரம் உருட்டியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிவரி ஓடும். கட்டைவிரலால் தடவியே அதைச் சொல்லிவிடுவார். இப்போது சர்க்கரையில் கண் போய்விட்டது. கப்பலைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள், தடவிப் பார்க்கலாம் என்று போன வெள்ளிக்கிழமை கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வலைக்குள் ஒரு விரல்தான் நுழைகிறது. ஓடோ ஒரு சாண் உள்ளே இருக்கிறது. கொஞ்ச நேரம் கம்பியையே தடவிவிட்டு, "கப்பல்னியே, இது வலையால்ல இருக்கு" என்றார். விரலெல்லாம் துரு.

பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம், அதனால் வலையாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய உடைந்த பானையைக் கொண்டாடத்தானே ஐயா சுவரே கட்டினீர்கள்? மீன் ஏலம் போடும் இடத்துக்குக் கூரை கேட்டு எத்தனை மனு கொடுத்திருப்போம்! அதற்கு வராத கம்பி இதற்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். இனி தெருவிளக்கு வேண்டுமென்றால் அதையும் கலை என்று எழுதிக் கொடுத்துப் பார்க்கலாம் போல.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: வலையை எடுங்கள். பயமாக இருந்தால் ராத்திரிக்கு மட்டும் பூட்டிக்கொள்ளுங்கள், சாவியை எதிரே இருக்கும் டீக்கடையில் கொடுத்து வையுங்கள். ஓடு ஏதாவது கழன்றால் படகு கட்டும் ஆசாரி இங்கேயே இருக்கிறார். கூலி கேட்கமாட்டார் என்று சொல்ல முடியாது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மறுபடி எப்போது போகலாம் என்று பெரியப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். வலையைக் கழற்றும் தேதியைத் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லுங்கள், கூட்டி வருகிறேன்.

பணிவுடன்,
அழகன்குளத்துக்காரன் ஒருவன்