ஒரே நர்ஸிடம் இரண்டு சந்தா ரசீது: வடசென்னை மருத்துவமனைச் சங்க நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர், கொளத்தூர் வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகளில் செவிலியர்களையும் மற்றப் பணியாளர்களையும் திரட்டும் எல்லாச் சங்கத் தோழர்களுக்கும் வணக்கம்.

நைட் டியூட்டி முடிந்து, ஹேண்டோவர் கொடுத்துவிட்டு வெளியே வரும் ஸ்டாஃப் நர்ஸிடம் கேட்டில் ஒரு சங்கம் கையெழுத்து வாங்குகிறது. அடுத்த வாரம் அதே நர்ஸிடம் இன்னொரு சங்கம். யாருடைய முகத்தையும் முறிக்க முடியாமல் அவர் இரண்டிலும் போட்டுவிடுகிறார். இந்த இரட்டைக் கையெழுத்து உங்கள் இரு தரப்பையும் கவிழ்க்கும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் (நிறுவனத்தின் பணியாளர் பதிவேட்டில்) உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரைக் கையில் வைத்திருக்கும் சங்கமே நிர்வாகத்தோடு தனித்துப் பேசும் உரிமை பெறும். எவருக்கும் அது இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு அமையும். அதில் உட்கார 20 சதவீதமாவது வேண்டும்.

உதாரணத்துக்கு, மஸ்டர் ரோலில் 400 பேர். ஒரு சங்கம் 150 பேரைக் காட்டுகிறது, மற்றது 120 பேரை. இரண்டிலும் இருப்பவர்கள் 60 பேர். அந்த 60 பேரையும் நிர்வாகம் ஆட்சேபித்து, ஆட்சேபம் நிலைத்துவிட்டால் மிஞ்சுவது 90, 60. முதல் சங்கம் 22.5 சதவீதத்தோடு தப்பிக்கும். அடுத்தது 15 சதவீதத்தோடு வெளியே நிற்கும். அந்த 60 பேரையும் முன்கூட்டியே கேட்டு, ஆளுக்கு 30 என்று பிரிந்தால் 120, 90. இரண்டு சங்கத்துக்கும் நாற்காலி உண்டு. சேர்த்துப் பார்த்தால் 210 பேர். 51 சதவீதத்துக்குத் தேவை 204தான். நாளைக்கு இணைப்பைப் பற்றிப் பேசவும் இந்தக் கணக்கு இடம் தருகிறது.

ஆகவே முதல் வேலை பட்டியலை ஒப்பிடுவது. பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள். நர்சிங் கவுன்சில் பதிவில் அப்பாவின் இனிஷியல் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு மஸ்டர் ரோலில் கணவரின் இனிஷியல் ஏறியிருக்கும். ஒரே வார்டில் மூன்று தேவி இருப்பார்கள். எம்ப்ளாயி ஐடி எண்ணை வரிசைப்படுத்தி, எண்ணை மட்டும் வாசித்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பணியில் சேர்ந்த தேதி, கையெழுத்துத் தேதி, கடைசி சந்தா ரசீது எண் இருக்க வேண்டும். சவுதிக்குப் போனவர், எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக அரசு வேலை கிடைத்துப் போனவர் பெயரையெல்லாம் அடித்துவிடுங்கள். செத்த பெயர்கள் நிறைந்த பட்டியலைச் சரிபார்க்கும் அதிகாரி முழுதாகவே சந்தேகிப்பார். இரட்டைக் கையெழுத்துப் போட்டவரை இரு சங்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்தே போய்க் கேளுங்கள். அவர் சொல்வதே முடிவு. பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அது மறுநாளே எச்.ஆர். மேசையில் இருக்கும்; பழிவாங்கப்படுவது ப்ரொபேஷனில் இருக்கும் பிள்ளைகள்தான்.

வார்டுப் பொறுப்பைப் பார்க்கும் இன்சார்ஜ் சிஸ்டர்கள் விஷயத்தில் கவனம். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர் தொழிலாளர் ஆகமாட்டார் என்கிறது சட்டம். இதை வைத்து நிர்வாகம் அவர்களைக் கணக்கிலிருந்து தூக்கப் பார்க்கும். பதவிப் பெயர் முக்கியமில்லை, பார்க்கும் வேலைதான் முக்கியம். மருந்து கொடுப்பது, டிரிப் மாற்றுவது, சார்ட் எழுதுவது என்று பெட் பக்கத்திலேயே இருக்கிறார் என்பதற்கு டியூட்டி ரோஸ்டர் நகலைச் சேர்த்து வையுங்கள். டிரஸ்ட் நடத்தும் மருத்துவமனை என்றால் 'நாங்கள் அறப்பணி, இது தொழில் நிறுவனமே அல்ல' என்றும் வாதம் வரும். அதற்குக் கட்டண ரசீதுகளும் பேக்கேஜ் விலைப்பட்டியலும் தேவைப்படும்.

ஒப்பந்தம் போடும் இடத்தில்தான் போட்டிச் சங்கத்தால் பெரிய சேதம். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் போடுவது அங்குள்ள எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். பழைய தொழில் தகராறுச் சட்டப் பிரிவை வைத்து 12(3) என்று நாம் சொல்லிப் பழகியது அது. நிர்வாகத்தோடு நேராகப் போடுவது, அதே பழைய சட்டத்தின் 18(1), கையெழுத்திட்ட சங்கத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். நிர்வாகம் சின்னச் சங்கத்தைக் கூப்பிட்டுக் குறைந்த தொகைக்கு நேரடி ஒப்பந்தம் போடும். பிறகு மற்றவர்களிடம் தனித்தனியாக ஒப்புதல் கடிதம் வாங்கும். கடிதம் கொடுத்தால்தான் உயர்வு என்றால் யார் மறுப்பார்? மற்றச் சங்கத்துக்குத் தெரியாமல் நேரடி ஒப்பந்தம் போடுவதில்லை என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திடுங்கள். இந்த மடலில் நாங்கள் மன்றாடிக் கேட்பது இதைத்தான்.

போராட்டத்துக்கும் இது பொருந்தும். 14 நாள் முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான். ஒரு சங்கம் அவசரப்பட்டு லீவு அறிவித்தால், சேதி தெரியாமல் லீவு போட்ட மற்றச் சங்கத்து நர்ஸும் மெமோ வாங்குவார். நோட்டீஸ் கூட்டாகவே போகட்டும். ஐசியு, பிரசவ வார்டு, டயாலிசிஸ், எமர்ஜென்சி ஆகியவற்றுக்கு எந்த ஷிஃப்டில் யார் இருப்பார் என்ற பட்டியலையும் அதோடு இணையுங்கள்.

ஹவுஸ்கீப்பிங் தோழர்கள் கான்ட்ராக்டரின் மஸ்டர் ரோலில் இருப்பதால் மேலே சொன்ன கணக்கில் வரமாட்டார்கள். அதற்காக அவர்களைக் கைவிட்டால் நிர்வாகம் அவர்களை வைத்தே வார்டை ஓட்டும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூர் இது. இங்கேயே பி அண்ட் சி (பக்கிங்காம், கர்நாடிக்) பஞ்சாலை வேலைநிறுத்தம் 1921இல் சாதி வழியாக உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பு கலவரத்தில் எரிந்தது, போராட்டம் தோற்றது. நர்ஸுக்கு ஒரு சங்கம், துடைப்பம் பிடிப்பவருக்கு ஒரு சங்கம் என்ற பிரிவு அந்தக் கோட்டின் மேலேயே விழுகிறது. கோரிக்கை மனுவில் கான்ட்ராக்ட் ஊழியரின் குறைந்தபட்ச ஊதியம், இஎஸ்ஐ, பிஎஃப் மூன்றையும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாமல் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

பட்டியல் ஒப்பிட்டு முடியும்வரை கேட்டில் புதுப் படிவம் நீட்டுவதை இரு தரப்பும் நிறுத்துங்கள். முதல் கூட்டத்தை மருத்துவமனைக்கு வெளியே, காலை ஷிஃப்ட் முடிந்த பின், மூன்று மணி வாக்கில் வையுங்கள். நைட் டியூட்டிக்காரர்களும் தூங்கி எழுந்து வர முடியும். சங்கத்துக்கு இரண்டு பேர், அதில் ஒருவராவது இப்போது வார்டில் வேலை செய்யும் பெண்ணாக இருக்கட்டும். பதிவேட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

தோழமையுடன்,
வடசென்னையில் சங்கப் பதிவேடு, சமரச மனு வேலைகளில் உதவுவோர்