அண்ணாவுக்கு: மண்டபம் வேண்டாம்

அன்புள்ள அண்ணா,

மகளின் சாமத்திய வீட்டுக்கு நீங்கள் பிடித்த மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீடியோக்காரரையும்தான். உங்களிடம் முதலே கேட்காததற்குக் குறை நினைக்காதீர்கள். கேட்டிருந்தால் அன்றிரவே மிச்சக் காசையும் அனுப்பியிருப்பீர்கள், பிறகு நான் எப்படி வாய் திறப்பது? ஏன் வேண்டாம் என்று வட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேட்டீர்கள். நானும் எல்லாருக்கும் முன்னால் எழுதுகிறேன்.

இன்னொரு பிள்ளையின் சாமத்திய வீட்டு வீடியோவுக்காக மணற்காட்டு மணல்மேட்டில் நடந்த படப்பிடிப்புக்கு நானும் போயிருந்தேன். யாருடைய பிள்ளை என்று இங்கே எழுதமாட்டேன், சொந்தக்காரர் வாசிப்பார்கள். வயது பன்னிரண்டு. நல்ல வெயில். இரவல் முடி, வாடகை நகை, சேலையின் பின்பக்கம் முழுக்க ஊசி. முடி பறக்க ஒருவர் மட்டையால் விசிறுகிறார். “இடுப்பைக் கொஞ்சம் வளைச்சு, வெக்கப்பட்டுச் சிரியுங்கோ பிள்ளை” என்கிறார் கமராக்காரர். அவளுக்கு வெட்கம் வரவில்லை, மூத்திரம்தான் வந்தது. தாயிடம் கேட்டாள். இந்தப் பாட்டு முடியட்டும் என்றார்கள். போனில் ஓடியது ஒருத்தியின் உடம்பை உறுப்பு உறுப்பாக வர்ணிக்கும் சினிமாப் பாட்டு. இடுப்பைப் பற்றிய வரி வரும்போது அவள் திரும்பிப் பார்க்க வேண்டுமாம். பார்த்தாள், பாவம்.

பிறகு அதை யூரியூப்பில் ஏற்றினார்கள். கீழே வந்தவற்றை எடுத்தெழுத எனக்குக் கை கூசுகிறது.

நீங்கள் ஏன் இவ்வளவு அந்தரப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் நான் சாமத்தியப்பட்டபோது எனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற கவலை. நாங்கள் ஒதுங்கிய அந்தக் கொடிகாமக் கொட்டிலுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் எங்கே தேடிக் கொண்டுவந்தீர்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அதைவிடப் பெரிதாக எனக்கு யாரும் எதுவும் செய்ததில்லை அண்ணா.

ஆனால் சந்தியில் நின்றவரும் நீங்கள்தான். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் கேட்ட பாட்டுகளை ரியூசன் விட்டு வரும் பெட்டைகளுக்குப் பாடிக் காட்டினீர்கள். என்னைப் பார்த்து ஒருவன் பாடியபோது அவனுடைய சட்டையைக் கிழித்தீர்கள். உங்களை வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரியூசன் நின்றது எனக்கு. (சொல்லால் செய்யும் பாலியல் தொல்லையையும் குற்றமாக்கி, இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவை 1995இலேயே திருத்திவிட்டார்கள். எங்கள் சந்திக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலும்.)

2015இல் கூட்டு வன்புணர்வு செய்து கொல்லப்பட்ட புங்குடுதீவு மாணவிக்காக ரொறன்ரோவில் மெழுகுதிரியோடு நின்றீர்கள். 2017இல் ஏழு பேருக்கு மரண தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்று போன் எடுத்து அழுதீர்கள். அது பொய் அழுகை இல்லை. ஆனால் அப்போது முகநூலில் “தூக்கில் போடு” என்று எழுதிய ஒருவரின் பெயரை மணற்காட்டு வீடியோவுக்குக் கீழேயும் கண்டேன். அவருடைய மகளும் அந்தப் பிள்ளையும் ஒரே வகுப்பு. இப்படிப்பட்டவர்களுக்குத்தானா நான் ட்ரோன் பிடித்து என் மகளைக் காட்ட வேண்டும்?

மகளுக்கு ட்ரோன் ஆசை இருக்கிறது, ஏன் ஒளிப்பான். என்னோடு கதைக்காமல்தான் திரிகிறாள். திரியட்டும்.

மகளுக்குத் தண்ணி வார்ப்பு வீட்டு முற்றத்தில். அவள் தலையில் பாலும் அறுகும் வைக்க மாமன் வேண்டும், டிக்கெட்டை மாற்றாமல் வாங்கோ. உங்கள் காசு வங்கியில் அப்படியே கிடக்கிறது. வீடியோக்காரருக்குக் கொடுத்த முற்பணம் திரும்பி வராது, அது என் கணக்கு. அண்ணிக்கு மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் சண்டையில்தான் முடியும்.

தங்கச்சி