டெக்சாஸிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள கணேசனுக்கு,

வணக்கம். உன் கடிதம் வந்து மாதக்கணக்கில் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. வீட்டில் எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது. சுந்தரத்தைப் பார்த்தால், அந்த ரயில் டிக்கெட் பணத்தை நான் இன்னும் மறக்கவில்லை என்று சொல்.

இங்கே டெக்சாஸில் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களைப் பற்றிய ஆய்வில் வேலை செய்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். நீயோ, ஆரெகன் மாநிலத்து ஆய்வை எடுத்து வைத்துக்கொண்டு, காப்பீடு கொடுத்தும் ரத்த அழுத்தம் குறையவில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டிருந்தாய். கல்லூரி விடுதியில் விடிய விடிய வாதாடிய அதே கணேசன்தான் என்று சிரித்தாலும், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 2008-இல் அந்த மாநிலம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் இருந்த குறைந்த இடங்களுக்குக் குலுக்கல் நடத்தியபோது, ஏறத்தாழ 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். பெயர் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியான முடிவில், சுமார் இரண்டு ஆண்டுகளில் ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் தெளிவான மாற்றம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதே கட்டுரையில் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்ததும், குடும்பத்தை நிலைகுலைய வைக்கும் பெரும் மருத்துவச் செலவு ஏறக்குறைய நின்றேபோனதும் இருக்கின்றன. அந்தப் பத்தியை நீ ஏனப்பா தாண்டிப் போனாய்? கடன்காரன் வாசலில் நிற்காமல் ஒரு வீடு தூங்குவதை நீ கணக்கில் சேர்க்க மாட்டாயா?

டெக்சாஸின் நிலைமையைச் சொல்கிறேன். 2023-இல் அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கு 8 பேருக்குக் காப்பீடு இல்லை. இங்கே 16 பேருக்கு மேல், கிட்டத்தட்ட 50 லட்சம் பேர். நாட்டிலேயே இதுதான் அதிகம். இவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள், அல்லது வேலைக்குப் போகிறவரின் வீட்டார். 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் ஏழைகள் அனைவரையும் மெடிக்கெய்டில் சேர்க்க எண்ணியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட, டெக்சாஸ் இன்றுவரை அதை ஏற்கவில்லை. ஏழைகளுக்கு மெடிக்கெய்டு இருக்கும் என்ற நம்பிக்கையில், தனியார் காப்பீட்டுக்கான அரசு மானியத்தை வறுமைக் கோட்டிலிருந்துதான் தொடங்கியிருந்தார்கள். ஆகவே கோட்டுக்குக் கீழே இருக்கும் வயதுவந்தவர்களில் பலருக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை.

நான் பேட்டி கண்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். தனி ஆளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார்; ஆண்டு வருமானம் 16,000 டாலர். 2024-இல் மூவர் குடும்பத்துக்கு வறுமைக் கோடு 25,820 டாலர். பெற்றோர் ஒருவர் இங்கே மெடிக்கெய்டு பெற வேண்டுமென்றால் வருமானம் அதில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதுமை அடையாத, பிள்ளையில்லாத, உடற்குறைபாடற்ற ஒருவராக இருந்தால் எவ்வளவு ஏழையானாலும் இடமே இல்லை. பிள்ளைகள் இருவரின் காப்பீட்டு அட்டைகளையும் பணப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினார். அவருக்குத்தான் காப்பீடு இல்லை; சர்க்கரை நோயோ உண்டு. குப்பி மாதக் கடைசிவரை வர வேண்டுமென்று இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறார். கணேசா, மற்றவர்களுக்கு மருந்து நேரம் தவறாமல் பார்த்துக்கொள்கிற பெண் அவர்! மயங்கி விழுந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவு அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. விழாமல் பார்த்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் வழியில்லை.

இதை அளப்பதில்தான் எங்கள் தலைவலி முழுவதும். காப்பீடு உண்டா என்று கேட்டதும் அந்தப் பெண் உண்டு என்றுதான் சொன்னார். மாவட்டப் பொது மருத்துவமனை ஏழைகளுக்குத் தரும் சலுகை அட்டையை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அது சில மருத்துவமனைகளிலும் அவற்றின் கிளைகளிலும் மட்டும் செல்லும் கட்டணச் சலுகை, காப்பீடு ஆகாது. இன்று உண்டா என்று கேட்டால் ஒரு எண் வருகிறது, போன வருடம் முழுவதும் இல்லையா என்று கேட்டால் வேறு எண் வருகிறது. கொரோனா காலத்தில் யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்றிருந்த விதி 2023 மார்ச்சோடு முடிந்தபின், இந்த மாநிலத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் தகுதியிழந்ததாக முடிவாகி அல்ல, படிவம் திரும்பி வராதது போன்ற நடைமுறைக் காரணங்களால். அவர்களில் சிலர் மருந்துக் கடையில் நிற்கும்போதுதான் அதை அறிந்தார்கள். அவர்களிடம் முந்தின நாள் போய்க் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

அதனால்தான் உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி நீ திருச்சியில் வீடு வீடாகக் கேட்டபோது, அட்டை வீட்டில் இருப்பதையும் அதில் தன் பெயர் இருப்பதை அவர் அறிந்திருப்பதையும் எப்படிப் பிரித்துக் கேட்டாய்? அந்தக் கேள்வித்தாளை அப்படியே அனுப்பு; உன் கோழிக்கிறுக்கல் குறிப்புகளோடு வந்தாலும் பரவாயில்லை, நான் படித்துவிடுவேன். அடுத்த சுற்றுப் பேட்டிகளுக்கு முன் வந்துசேர்ந்தால் எனக்குப் பெரிய உதவி.

அன்புடன்,
ரவி