வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேர்தல் சிறப்பிதழில் வெளியான வேட்பாளர் நேர்காணல்களை ஒன்றுவிடாமல் படித்தேன். எல்லோரிடமும் உங்கள் நிருபர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டிருக்கிறார்கள்: "உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?" ஒருவர் உண்டு என்கிறார். இன்னொருவர் இல்லை என்கிறார். மற்றொருவர் "மனிதநேயமே என் மதம்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். படித்து முடித்த பிறகு, இவர்கள் பதவிக்கு வந்தால் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது எனக்கு ஒரு துளியும் விளங்கவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இறைநம்பிக்கை உள்ளவள். தொழாமல் என் நாள் தொடங்காது. மதத்தின்மேல் கசப்புக் கொண்டு எழுதும் கடிதம் இல்லை இது. நம்பிக்கையை உயிராக மதிப்பதால்தான், அது மேடையில் அடையாள அட்டைபோல நீட்டப்படும்போது மனம் வலிக்கிறது. ஒருமுறை, பல ஆண்டுகளுக்கு முன்பு, பக்திமான் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு வாக்களித்தேன். இறைவனுக்கு அஞ்சுகிறவர் மக்கள் பணத்துக்கும் அஞ்சுவார் என்று நம்பினேன். அப்படி நடக்கவில்லை. அவருடைய பக்தி பொய் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். அது மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதை வைத்து அவருடைய நிர்வாகத்தை எடைபோட்டது என் பிழை.

"நம்புகிறீர்களா?" என்ற கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரிட்டனில் அண்மைக் காலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. லிபரல் டெமாக்ரட் கட்சியின் தலைவராக 2015-ல் வந்த டிம் ஃபாரன் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். ஓரினச் சேர்க்கை பாவமா என்று அவரிடம் தொலைக்காட்சியில் கேட்டார்கள். அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. 2017 தேர்தல் பிரசாரத்தின்போது அதே கேள்வி மறுபடி மறுபடி துரத்தியது. கடைசியில் பாவம் இல்லை என்றார். தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே தலைமைப் பதவியை விட்டு விலகுவதாக அறிவித்தார். அந்தப் பதிலைச் சொன்னதற்காக வருந்துவதாக 2018 தொடக்கத்தில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். இதனால் யாருக்கு என்ன பயன்? ஒரு மனிதர் தன் மனசாட்சிக்கு ஒவ்வாத சொல்லைச் சொல்லும்படி நெருக்கப்பட்டார், அவ்வளவுதான். ஓரினச் சேர்க்கையாளர்களுக்குக் கிடைத்தது எதுவும் இல்லை. அவர்களுடைய உரிமைகள் தொடர்பான மசோதாக்களில் அவர் எப்படி வாக்களித்தார் என்பது நாடாளுமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, "இங்கே ஏன் இப்படி, அங்கே ஏன் அப்படி, நாளை எப்படி?" என்று கேட்டிருந்தால் அது குடிமக்களின் கேள்வியாக இருந்திருக்கும். பாவம் எது என்பது அவருக்கும் அவருடைய இறைவனுக்கும் இடையிலுள்ள வழக்கு.

நம்பிக்கையை வாசற்படியில் வைத்துச் சோதிக்கும் வழக்கம் பழையது. லயனல் டி ரோத்ஸ்சைல்ட் 1847-ல் லண்டன் நகரத் தொகுதியில் வென்றார். அவர் யூதர். "மெய்யான கிறிஸ்தவ நம்பிக்கையின்மேல்" என்று உறுதிமொழியில் வந்த சொற்களை அவரால் சொல்ல முடியவில்லை. 1858 வரை, பதினொரு ஆண்டுகள், அவரால் அவையில் அமர முடியவில்லை. சார்லஸ் பிராட்லா கதை இதைவிடக் கொடியது. நாத்திகரான அவர் 1880-ல் நார்த்தாம்ப்டனில் வென்றார். கடவுள் பெயரால் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதி கூறுகிறேன் என்றார், மறுத்தார்கள். சரி, ஆணையே இடுகிறேன் என்றார், நாத்திகனின் ஆணைக்கு மதிப்பில்லை என்று அதையும் மறுத்தார்கள். நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரத்தில் அவரை ஓர் இரவு அடைத்தும் வைத்தார்கள். தொகுதி மக்கள் சளைக்கவில்லை. இடைத்தேர்தல்களில் திரும்பத் திரும்ப அவரையே அனுப்பினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1886-ல்தான் அவரால் முறைப்படி பதவியேற்க முடிந்தது. விரும்புகிறவர் உறுதிமொழி கூறலாம் என்ற சட்டம் அவர் முயற்சியால் 1888-ல் வந்தது.

இதே பிராட்லா இந்தியாவுக்காக அந்த அவையில் ஓயாமல் குரல் கொடுத்தவர். 1889-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கும் வந்தார். 1891-ல் அவர் இறந்தபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் அடக்கத்துக்குப் போய் நின்றார். அந்த இளைஞர் காந்தி. ராமநாமத்தை நெஞ்சில் சுமந்த ஒருவர், கடவுள் இல்லை என்றவருக்கு இறுதி மரியாதை செலுத்தியதை நினைக்கும்போதெல்லாம் என் கண் கலங்குகிறது. பிராட்லா எதை நம்பினார் என்பதை விட, யாருக்காக நின்றார் என்பதே அங்கே பெரிதாக இருந்திருக்கிறது.

நம் அரசமைப்பை வகுத்தவர்களும் இதைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள். முகப்புரையைக் "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டும் என அரசமைப்பு அவை உறுப்பினர் எச்.வி. காமத் 1949 அக்டோபர் 17 அன்று திருத்தம் கொண்டுவந்தார். அதை எதிர்த்தவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் இல்லை. தன்னை நம்பிக்கையாளர் என்று சொல்லிக்கொண்ட பட்டம் தாணுப்பிள்ளையே, நம்பிக்கையில் கட்டாயம் கூடாது என்றார். வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது. பதவியேற்பு உறுதிமொழியிலும் கட்டாயம் இல்லை. இன்று பதவியேற்கிறவர் கடவுள் பெயராலும் ஆணையிடலாம், உளமார உறுதியும் கூறலாம். இரண்டுக்கும் சட்டத்தின்முன் எடை ஒன்றே.

வாக்குக் கேட்கும் இடத்திலும் வேலி இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதைத் தேர்தல் முறைகேடு என்கிறது. எனக்கு வாக்களிக்காவிட்டால் தெய்வக் குற்றம் வந்து சேரும் என்று வாக்காளரை நம்பவைப்பதும் அதே பிரிவில் குற்றம்தான். 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் இதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. நால்வர் அப்படிச் சொன்னார்கள், மூவர் மாறுபட்டார்கள். பிறந்த சாதியாலும் மதத்தாலும் மக்கள் பட்ட அநீதியைத் தேர்தலில் பேசவே கூடாதென்றால் எப்படி என்பது அந்த மூவரின் கவலை. அது நியாயமான கவலை என்றே எனக்கும் படுகிறது.

அப்படியானால் வேட்பாளர் தன் நம்பிக்கையை வீட்டிலேயே பூட்டிவிட்டு வர வேண்டுமா? முடியாது. நம்பிக்கை கழற்றி மாட்டும் சட்டை இல்லை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். ரமணரிடம் பக்தி கொண்டவர், வள்ளலார் வழியில் தோய்ந்தவர், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமர் (மாகாண முதலமைச்சருக்கு அன்று அதுதான் பெயர்). அவர் ஆட்சியில்தான் ஆலயப் பிரவேசச் சட்டமும், முத்துலட்சுமி ரெட்டி நெடுங்காலம் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தன. பதவி போனதும் வடலூருக்குச் சென்று தங்கிவிட்டார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குக் கதவைத் திறந்ததில் அவருடைய பக்திக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் சட்டமாக வந்தபோது அது எல்லோரும் எடைபோடக்கூடிய நியாயமாக வந்தது. "எனக்கு அருள்வாக்கு கிடைத்தது, கீழ்ப்படியுங்கள்" என்று வரவில்லை. நான் பார்க்கும் வேறுபாடு இதுதான்: நம்பிக்கை ஒருவரை ஒரு முடிவுக்குத் தூண்டலாம், அந்த முடிவை மற்றவர்களுக்கு விளக்கும்போது அவர்களுக்கும் புரியும் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஜான் கென்னடி 1960-ல் அதிபர் வேட்பாளராக நின்றபோது, கத்தோலிக்கர் என்பதால் போப்பாண்டவரின் சொற்படி ஆடுவார் என்று பேசினார்கள். 1928-ல் அதிபர் தேர்தலில் நின்ற கத்தோலிக்கர் ஆல் ஸ்மித்துக்கும் இதே பேச்சு பெரும் இடையூறாக இருந்தது. கென்னடி செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன் நின்று பேசினார். தன் மத நம்பிக்கை தன் சொந்த விஷயம் என்று அவர் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அவர் சொன்ன இன்னொன்று: மனசாட்சியை மீறுவது அல்லது நாட்டு நலனை மீறுவது என்ற நிலை பதவியில் வந்தால், பதவியைத் துறப்பேன் என்றார். 1990 ஏப்ரலில் பெல்ஜியத்தின் அன்றைய மன்னர் கிட்டத்தட்ட அதைச் செய்துகாட்டினார். கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட அவருடைய கத்தோலிக்க மனசாட்சி இடம் தரவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றியதைத் தடுத்து நிறுத்தவும் அவர் முனையவில்லை. ஆட்சி செய்ய இயலாத நிலையில் மன்னர் இருப்பதாக அமைச்சரவை அறிவித்து, அமைச்சர்களே கையெழுத்திட்டார்கள். ஓரிரு நாளில் நாடாளுமன்றம் அவரை மீண்டும் அமர்த்தியது. அந்தச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபடலாம். தன் மனசாட்சியையும் காத்து, மக்கள் மன்றத்தின் முடிவையும் மதிக்க ஒருவர் வழி தேடினார் என்பதை மறுக்க முடியாது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இது. அடுத்த நேர்காணலில், கடவுளை நம்புகிறீர்களா என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். வேட்பாளர் கண்மூடித் தொழும் படங்களையும் போடாதீர்கள். தொழும் நேரத்தில் ஒருவர் தனியாக இருக்க வேண்டும், கேமராவோடு அல்ல. அதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: உங்கள் நம்பிக்கை ஒன்றைச் சொல்லி, நீங்கள் ஏற்ற உறுதிமொழி வேறொன்றைச் சொன்னால் என்ன செய்வீர்கள்? உங்கள் மதத்தைச் சேராத ஒருவரும், மதமே இல்லாத ஒருவரும் மனுவோடு உங்கள் அலுவலகத்துக்கு வந்தால் அவர்களுக்கு என்ன உறுதி தருகிறீர்கள்? உங்கள் சமயத்தைச் சேர்ந்த ஒருவரே தவறு செய்து, அவரைக் காப்பாற்றச் சொல்லி உங்கள் சமயத் தலைவரே கேட்டால்? இந்தக் கேள்விகளை நாத்திக வேட்பாளரிடமும் அப்படியே கேட்கலாம். நம்பிக்கையாளர்களை இளக்காரமாகப் பார்க்கிற ஒருவரும் அதிகாரத்தில் ஆபத்தானவர்தான்.

பழைய பதிவுகளையும் பக்கத்தில் வையுங்கள். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால், பிற மதத்தினர் வழிபாட்டு இடம் கேட்டபோது என்ன செய்தார், கலவரம் மூண்ட நாளில் எங்கே நின்றார், சொந்த மதத்தார் வெறுப்பைக் கக்கியபோது வாய் திறந்தாரா என்று தேடிப் பாருங்கள். அந்தப் பக்கத்தை நீங்கள் அச்சிட்டால், வாக்களிக்கப் போவதற்கு முன் அதைத்தான் நான் முதலில் படிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி